பகலில் அடுப்பு எரியுதாம்

இடம்: ரொறன்ரோ, ஸ்காபறோ, பொலிஸ் நிலைய நேர்காணல் அறை.
நாள்: 2025 ஒக்டோபர் 28, செவ்வாய்க்கிழமை, முற்பகல்.
விசாரிப்பவர்: கான்ஸ்டபிள் ஜூலியன். தமிழில் எழுதுபவர்: சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளர்.

என் பெயர் அட்சயா. தந்தையின் பெயர் இராசரத்தினம். வயது முப்பத்து நான்கு. மல்வேர்னில் வரிசை வீடு ஒன்றில் தனியாக வசிக்கிறேன். அஜின்கோர்ட்டில் மூக்குக்கண்ணாடி வில்லை வெட்டும் ஆய்வுகூடத்தில் வேலை. அதற்கு முன்பு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் படித்தேன். முடிக்கவில்லை.

எனக்கு ஆங்கிலம் தெரியும். இந்த வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்க நானே கேட்டுக்கொண்டேன். ஒரு சொல்லின் கடைசி அசை இதில் முக்கியம். அந்த அசை ஆங்கிலத்தில் இல்லை.

இது என் கணவர் ராகுலனைப் பற்றியது. பிரிந்து வாழ்கிறோம். நான் பேசும்போது 'அவன்' என்றுதான் சொல்கிறேன். எழுதுபவர் 'அவர்' என்று எழுதுகிறார். ஆட்சேபனை இல்லை.

ராகுலன் வீடுகளுக்குச் சூடாக்கியும் குளிரூட்டியும் பொருத்துகிற வேலை செய்பவர். எந்த இயந்திரம் எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். வீட்டு மின்சாரக் கணக்கு ஆரம்பத்திலிருந்தே என் பெயரில் இருக்கிறது. சென்ற வருடம் கோடைகாலத்தில் ஒருநாள் அவர் தன் கைபேசியை என்னிடம் நீட்டினார். அதில் மின்சார நிறுவனத்தின் பக்கம் திறந்திருந்தது. "உம்மட கடவுச்சொல்லைப் போட்டு, கீழை ஓம் எண்டு அமத்தும். எந்தக் கட்டணத் திட்டம் எங்களுக்குச் சரி எண்டு இந்தச் செயலி பாத்துச் சொல்லும்" என்றார். நான் அப்போது மா குழைத்துக்கொண்டிருந்தேன். புறங்கையால் திரையை மேலே தள்ளினேன். நீளமாக எழுதியிருந்தது. வாசிக்கவில்லை. சம்மதம் கேட்ட இடத்தில் ஓம் என்று சுண்டுவிரலால் அமத்தினேன். திரையில் மா பட்டது. அவர் அதைத் தன் சாரத்தில் துடைத்தார்.

அதன் பிறகு அந்தச் செயலியில் எங்கள் வீட்டு மின்சாரம் மணிக்கு மணி ஒரு கோடாக வந்தது. ஒருநாள் பிந்தி வரும். இன்றைய கோட்டை நாளைக்குத்தான் பார்க்கலாம். முதலில் அது ஒரு விளையாட்டு. வேலையால் வந்து கோட்டைப் பார்த்து, "நேற்று நான் வரமுதல் புட்டு அவிச்சு ஒளிச்சுச் சாப்பிட்டிருக்கிறீர், சரியோ?" என்பார். சரியாகத்தான் இருக்கும். நான் சிரிப்பேன். அதன் பிறகு கேள்விகள் வரத் தொடங்கின. வியாழக்கிழமை பகலில் ஏன் உடுப்புத் தோய்க்கிற மெசின் ஓடியது, அன்று நான் வேலைக்குப் போகவில்லையா. தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கிற கேத்தில் ஏன் இரண்டு முறை கொதித்தது. இரண்டாவது கோப்பை யாருக்கு. அதன் பிறகு நான் அவர் இல்லாத நேரத்தில் தேநீர் போடுவதை நிறுத்தினேன். எப்போது நிறுத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை.

இந்த வருடம் பெப்ரவரியில் அவர் என் இடது கையைக் கரன்ட் அடுப்பின் வளையத்தில் வைத்து அழுத்தினார். அதற்கு வேறு வாக்குமூலம் உண்டு. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நீதிமன்றம் அவரை இரண்டு வருட நன்னடத்தைக் கட்டளையில் வைத்தது. என்னோடு நேராகவோ வேறொருவர் மூலமாகவோ தொடர்பு கொள்ளக்கூடாது. வீட்டுக்கு அருகே வரக்கூடாது. அவருடைய சின்னம்மா சந்திரவதனா அன்ரி அந்த வாரம் எனக்குத் தொலைபேசி எடுத்து, "ஆறின அடுப்புத்தானே பிள்ளை" என்றார். அது ஆறியிருக்கவில்லை. வளையத்தின் வட்டம் உள்ளங்கையில் இன்னும் இருக்கிறது. கான்ஸ்டபிள் பார்த்தார்.

அதன் பிறகு நான் பூட்டுகளை மாற்றினேன். வங்கியில் பெயரை மாற்றினேன். தொலைபேசி எண்ணை மாற்றினேன். அன்ரி அதையும் யாரிடமோ கேட்டு எடுத்துக்கொண்டார். செயலியை மறந்துபோனேன். எந்தப் பூட்டுக்கும் அதோடு சம்பந்தமில்லை.

செப்டெம்பரில் என்னோடு வேலை செய்கிற பேர்ணடெற் மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அவரும் யாழ்ப்பாணம், பாசையூர். என்னைவிட மூத்தவர், அக்கா என்று கூப்பிடுவேன். வெக்ஸ்போர்ட்டில் தனியாக இருந்ததால் அவரை என் வீட்டில் வைத்திருந்தேன். நான் வேலைக்குப் போனபின் பகலில் அவர் வீட்டில் இருந்தார். இரண்டாவது வாரம் சந்திரவதனா அன்ரி தொலைபேசி எடுத்தார். பேசியதை அப்படியே சொல்கிறேன்.

"பிள்ளை, சொல்லுறனெண்டு கோவியாதை. பகலிலை உன்ர வீட்டிலை அடுப்பு எரியுதாம். நீ வேலையிலை நிக்கிற நேரம்."

"ஆர் அன்ரி சொன்னது?"

"ஆரும் சொல்லேல்லை. காதிலை விழுந்தது."

"கரன்ட் அடுப்பு எரியிறது காதிலை விழுமோ அன்ரி?"

அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

நான் வேலைமேசையில் இருந்தேன். வெட்டின வில்லை கையில் இருந்தது. 'எரியுதாம்'. எரிகிறது என்றால் கண்டவர் சொல்வது. எரியுதாம் என்றால் கண்டவர் வேறு, சொல்பவர் வேறு. அந்தச் சொல்லின் முனையில் இன்னொரு ஆள் நிற்கிறார். என் வீட்டுக்குள் கண் வைத்திருக்கிற ஆள். இதைத்தான் தமிழிலேயே எழுதச் சொன்னேன்.

அன்று மாலை மின்சார நிறுவனத்துக்கு அழைத்தேன். கரோலின் என்பவர் பேசினார். ஆங்கிலத்தில் பேசினோம், கருத்தைச் சொல்கிறேன். என் கணக்கிலிருந்து ஒரு செயலிக்குத் தரவு போகிறது என்றார். யார் அனுமதித்தது என்று கேட்டேன். நீங்கள்தான் என்றார். சென்ற வருடத்துத் தேதியைச் சொன்னார். எனக்கு மா ஞாபகம் வந்தது. வாடிக்கையாளர் சம்மதித்தவருக்கு அவருடைய தரவைக் கொடுத்தே ஆகவேண்டும், அது மாகாணத்தின் விதி, நிறுவனம் தன்பாட்டில் மறுக்க முடியாது என்றார். அந்தச் செயலியை யார் திறந்து பார்க்கிறார், யாருடைய மின்னஞ்சலில் அது இருக்கிறது என்பது நிறுவனத்துக்குத் தெரியாது என்றார். ஏற்கனவே போனதைத் திருப்பி எடுக்க முடியாது. ஆனால் இனிப் போவதை நிறுத்தலாம்.

"எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். காரணம் சொல்லத் தேவையில்லை" என்றார் கரோலின். "இப்போதே நிறுத்தி விடட்டுமா?"

வேண்டாம் என்றேன்.

ஏன் வேண்டாம் என்றேன் என்று கான்ஸ்டபிள் கேட்கிறார். நிறுத்தினால் அவர் பார்ப்பது நிற்கும், அவ்வளவுதான். ஏழு மாதம் பார்த்துக்கொண்டிருந்தது அப்படியே அவரிடம் இருக்கும். நான் எப்போது எழுந்தேன், எந்த நாட்களில் எழும்பவேயில்லை, எல்லாம். அவர் ஒன்றையும் இழக்கமாட்டார். நான் முறையிட்டால் சும்மா ஒரு கோட்டைப் பார்த்தேன் என்பார். கோட்டைப் பார்ப்பது அருகே வருவதில்லை. அவரே அருகே வரவேண்டும் என்று விரும்பினேன். இந்த வசனத்தை மெதுவாக எழுதும்படி கேட்டேன்.

பேர்ணடெற் அக்காவிடம் சொன்னேன்.

"அப்ப நான் குடிச்ச தேத்தண்ணியையும் உன்ர மனுசன் எண்ணினவனோ?"

"எண்ணியிருப்பார்."

"எத்தினை கரண்டி சீனி எண்டும் கேட்டுச் சொல்லு. டொக்டர் கேக்கிறவர்."

அதன் பிறகு நாங்கள் இருவரும் நிறையச் சிரித்தோம். அதன் பிறகு சிரிக்கவில்லை. என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டார். கந்தசஷ்டி வருகிறது என்றேன்.

கந்தசஷ்டி ஆறு நாள் விரதம். முருகனுக்குப் பிடிப்பது. சிறுவயதிலிருந்து நான் விட்டதில்லை. பகலில் ஒன்றும் சாப்பிடமாட்டேன், இரவு பாலும் பழமும். ஆறு நாளும் வேலையால் நேரே கோயிலுக்குப் போவேன், பூசை முடிந்துதான் வீட்டுக்கு வருவேன். ஆறாம் நாள் மாலை சூரன்போர். அந்த ஆறு நாளும் என் சமையலறை இருட்டாக இருக்கும் என்று ராகுலனுக்குத் தெரியும். இந்த நகரத்தில் என் வீட்டுக் கோட்டை வாசிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். எனவே அவருக்கு மட்டும் விளங்குகிற மாதிரி அந்தக் கோட்டில் எழுதினேன்.

விரதம் தொடங்க முன்பே பேர்ணடெற் அக்கா கை ஆறித் தன் வீட்டுக்குப் போய்விட்டார். சந்திரவதனா அன்ரிக்கு நானாகத் தொலைபேசி எடுத்தேன். "ஆறு நாளும் பின்னேரம் கோயிலிலைதான் நிப்பன் அன்ரி. வீட்டிலை ஒருத்தரும் இல்லை" என்றேன். அன்ரியிடம் சொன்னது எங்கே போகும் என்று தெரியும். அந்த வழிக்குச் சம்மதம் அமத்தத் தேவையில்லை.

அதன் பிறகு ஒரு ஆளைச் செய்தேன்.

ஒயில் ஹீற்றர் ஒன்று, நேரம் வைத்து ஓடவிடுகிற செருகி ஒன்று. உடுப்புத் தோய்க்கிற மெசினையும் தாமதித்துத் தொடங்க வைக்கலாம். அடுப்புக்குக் கீழே உள்ள பேக்கிங் பெட்டியையும் நேரம் வைத்து மூட்டலாம். இந்த இடத்தில் எழுதுபவர் நிறுத்தினார். அதன் ஆங்கிலப் பெயரைத் தமிழில் எழுதினால் 'அவன்' என்று விழுகிறது, குழப்பம் வரும் என்றார். போறணை என்று எழுதச் சொன்னேன். ஒரு வீட்டுக்கு இரண்டு அவன் வேண்டாம்.

நான் செய்த ஆளுக்குப் பெயர் வைக்கவில்லை. நான் கோயிலுக்குப் போய்ச் சேருகிற நேரத்தில் அவர் வீட்டுக்கு வருவார். குளிர் தாங்காதவர், வந்ததும் ஹீற்றர் போடுவார். பிறகு போறணையில் சாப்பாடு சூடாக்குவார். நான் திரும்ப முன்பு போய்விடுவார். முதலாம் நாள் அப்படி. இரண்டாம் நாளும் அப்படி. மூன்றாம் நாள் உடுப்புத் தோய்த்தார். ஓரளவுக்குப் பழகின ஆள்தான் ஒரு வீட்டில் உடுப்புத் தோய்ப்பார். நான்காம் நாள் அவர் வரவில்லை. வீடு இருட்டு. தினமும் வந்தால் அது மெசின் என்று ராகுலன் கண்டுபிடித்துவிடுவார். ஒருநாள் வராமல் விட்டால் அது மனிதன். அந்த இருண்ட நாளை யோசித்து வைத்தபோது எனக்கு ஏற்பட்ட உணர்வு என்னவென்று கான்ஸ்டபிள் கேட்டார். பசி என்றேன். விரதம்.

ஐந்தாம் நாள் அவர் திரும்பி வந்தார். கூட நேரம் இருந்தார்.

அன்று மாலை, நான் கோயிலில் நின்றபோது, சந்திரவதனா அன்ரி தொலைபேசி எடுத்தார். அருகே மேளம் அடித்தது. ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன்.

"பிள்ளை, நீ கோயிலிலை நிக்கேக்கை வீட்டிலை ஆரோ உடுப்புத் தோய்ச்சவையாம்."

"முருகனாயிருக்கும் அன்ரி. சண்டைக்குப் போகமுதல் தோய்க்கிறார்."

"பகிடி விடாதை. அவன் நித்திரை கொள்ளாமல் திரியிறான்."

"ஆர் அன்ரி?"

அவர் விரதம் எப்படிப் போகுது என்று பேச்சை மாற்றினார். அப்போதுதான் அவருக்கும் கொஞ்சம் விளங்கியிருக்கவேண்டும்.

நேற்று ஆறாம் நாள், திங்கட்கிழமை. பேர்ணடெற் அக்கா தன் காரில் எங்கள் வீட்டுக்கு எதிரே, விருந்தினர் நிறுத்துமிடத்தில் இருந்தார். வீட்டுக்குள் போகக்கூடாது, காரை விட்டு இறங்கக்கூடாது, ராகுலனின் வான் வண்டியைக் கண்டதும் 911 அடிக்கவேண்டும் என்று சொல்லியிருந்தேன். "உங்கட முருகன் அங்கை வேலோடை நிக்கிறார். நான் இங்கை ரிம்ஸ் கடைக் கோப்பியோடை நிக்கிறன். ஆருக்குப் புண்ணியம் கூட?" என்றார். கோப்பிக்கு என்றேன்.

கோயிலில் சூரனை வாகன நிறுத்துமிடத்துக்குக் கொண்டுவந்தார்கள். குளிர். எல்லோரும் மேலங்கியோடு நின்றார்கள். சூரன் ஒவ்வொரு தலையாக மாற்றிக்கொண்டு முன்னும் பின்னும் ஓடினான். இரண்டாவது தலை மாறுகிறபோது என் கைபேசி அதிர்ந்தது. அக்காவிடமிருந்து ஒரு சொல்: "வந்திட்டான்." சற்றுப் பிறகு இன்னொன்று: "பொலிசுக்கு அடிச்சிட்டன்." நான் கைபேசியைப் பையில் வைத்துவிட்டேன். வீட்டுக்கு ஓடவில்லை. சூரனின் கடைசித் தலை விழும்வரை நின்றேன். அதன் பிறகு தீர்த்தம் வாங்கினேன். அதன் பிறகு பஸ் எடுத்தேன்.

வீட்டுக்குள் நடந்ததை நான் பார்க்கவில்லை. அது பேர்ணடெற் அக்கா சொன்னது. அவர் சொன்னபடியே, 'ஆம்' போட்டு எழுதவும். ராகுலன் வானை முன்வாசலில் நேராகவே விட்டானாம். பின்பக்கத்துச் சறுக்குக் கதவை உடைத்து உள்ளே போனானாம். பொலிஸார் வந்தபோது அக்காவும் சொல்வழி கேளாமல் பின்னால் போய் எட்டிப் பார்த்தாராம். ராகுலன் கையில் பெரிய ஸ்பானரோடு சமையலறையில் நின்றானாம். அறைகள், அலுமாரிகள் எல்லாம் திறந்து கிடந்தனவாம். போறணைக் கதவையும் திறந்து வைத்துக்கொண்டு, குனிந்து, வெறும் தட்டைப் பார்த்தபடி நின்றானாம். பிறகு சத்தம் போட்டானாம்.

"எங்கை அவன்?"

இங்கே எழுதுபவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். இந்த இடத்தில் மாற்றவேண்டாம். இங்கே 'அவன்' மனிதன்தான். இந்தப் பந்தியில் ராகுலனுக்கும் 'அவர்' போடவேண்டாம் என்று கேட்டேன். அக்கா சொன்ன சொற்கள் அவை. எழுதுபவர் ஒத்துக்கொண்டார்.

நான் வீட்டுக்கு வந்தபோது அவர் பொலிஸ் காரின் பின்னிருக்கையில் இருந்தார். இதை நானே கண்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவருடைய முகம். என்னைப் பார்த்தார். நெற்றியில் திருநீறு இருந்தது எனக்கு. கையில் பிரசாதப் பொட்டலம். என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நான் விலகி நின்று அவருக்கு இடம் விட்டேன். வெறும் தெரு.

அதன் பிறகு சமையலறைக்குப் போனேன். ஹீற்றர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நேரம் முடிந்ததும் தானாக நின்றது. பால் காய்ச்சிக் குடித்தேன்.

வீட்டில் ஒருவர் உண்மையில் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கான்ஸ்டபிள் கேட்கிறார். ஸ்பானரைப் பற்றியது அந்தக் கேள்வி. ஒருவரும் இருந்திருக்கமாட்டார்கள். அடிபட முடியாத ஒருவரைத்தான் செய்தேன்.

அவரை வரவழைத்தீர்களா என்று கேட்கிறார். நான் அவருக்கு ஒரு சொல் அனுப்பவில்லை. அன்ரியிடம் சொன்னது உண்மை. நான் கோயிலில்தான் நின்றேன், வீட்டில் ஒருவரும் இல்லை. என் வீட்டில், என் கணக்கில், என் மின்சாரத்தை எரித்தேன். ஆனாலும் அவர் வருவார் என்று தெரிந்து செய்தேன். வரவேண்டும் என்று செய்தேன். இரண்டையும் எழுதவும்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லத் தேவையில்லை, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் உங்களுக்கு எதிராகப் பாவிப்பார் என்று கான்ஸ்டபிள் இரண்டு தடவை எச்சரித்தார். இந்த வாக்குமூலத்தின் பிரதி அந்த வழக்கறிஞருக்குப் போகும், அவர் வழியாக ராகுலன் இதை வாசிக்கலாம் என்றும் சொன்னார். அது எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் விரிவாகச் சொன்னேன். அந்த ஆள் இல்லை என்று இன்னும் அவருக்குத் தெரியாது. தேடிக்கொண்டிருப்பார். அவருடைய நித்திரையைக் கெடுத்தது ஒரு ஹீற்றரும் ஒரு வெறும் போறணையும் என்பதை அவர் எழுத்தில் வாசிக்கவேண்டும். மூன்றாம் நாள் தோய்த்த உடுப்புகள் என்னுடையவை. அதையும்.

செயலிக்குக் கொடுத்த சம்மதத்தை இப்போதாவது நிறுத்திவிட்டீர்களா என்று கேட்டார். இல்லை. அவருடைய கைபேசி இப்போது உங்களிடம் இருக்கிறது. என்றாவது அது அவர் கைக்குத் திரும்பும். அவர் திறந்து பார்ப்பார். அதில் ஒவ்வொரு நாளும் காலையில் கேத்தில் கொதித்திருக்கும். சிலநாள் இரண்டு முறை. இரண்டாவது கோப்பை யாருக்கு என்று அவர் கேட்கலாம். பார்க்கட்டும்.

எப்போது நிறுத்துவீர்கள் என்று கேட்டார். எப்போது வேண்டுமானாலும். காரணம் சொல்லத் தேவையில்லை.

இவ்வளவும் எனக்குத் தமிழில் திரும்ப வாசித்துக் காட்டப்பட்டது. ஒவ்வொரு வரியாகக் கேட்டேன், இம்முறை கையில் மா இல்லை. 'ஆம்' என்று முடிகிறவை பிறர் சொல்லக் கேட்டவை. மற்ற எல்லாம் நானே கண்டது, நானே செய்தது, உண்மை. யாரும் என்னைச் சொல்லவைக்கவில்லை. இந்தப் பிரதியை அவருக்குக் கொடுக்க என் சம்மதம் தேவையில்லை என்றார்கள். கேளாமலே சொல்கிறேன்.

ஓம்.

(ஒப்பம்)
இ. அட்சயா